ஹேண்ட் பிரேக்: முதலில் பார்க்க வேண்டியது டிரம்

சிறிய கார்கள் பலவற்றில், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் அதே பிரேக் ஷூக்களைத்தான் ஹேண்ட் பிரேக்கும் கேபிள் வழியாக இயக்குகிறது. லீவரை முழுவதும் இழுத்த பிறகும் சரிவில் கார் நகர்ந்தால், பட்டறைகளில் உடனே கேபிள் நட்டை முறுக்கிவிடுகிறார்கள். ஆபத்தான குறுக்குவழி இது. ஷூ தேய்ந்து, டிரம்முடனான இடைவெளி கூடியதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். டிரம்மைக் கழற்றி லைனிங் எவ்வளவு மிச்சமிருக்கிறது, தானியங்கி அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் கேபிள். அதை முன்னதாகவே இறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும்; சக்கரம் சூடேறும்; அட்ஜஸ்டரும் சரியாக வேலை செய்யாது.

சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்து, பிரேக் ஆயிலும் குறைந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். ஆயில் ஊறிய ஷூவைத் துடைத்து மாட்டவே கூடாது. இரு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிற்கும் காரில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அப்படி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது போதும்.

டிரம்மைத் திறந்து பார்க்காமல் கேபிளை மட்டும் முறுக்கித் தரும் வேலையைக் கார் உரிமையாளர்கள் ஏற்க வேண்டாம்.