பால் திரிந்தால் வரியும் மாறும்!

காய்ச்சும்போது பால் திரிந்துபோனால் நமக்கு அன்றைக்குக் காலைக் காபி போச்சு. மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் இருக்கும் சமோரா ஊர்க்காரர்களோ, பாலை வேண்டுமென்றே திரியவைத்து, அதையே ஊர்ப் பெருமையாக்கிவிட்டார்கள். அந்த இனிப்பின் பெயர் ‘சோங்கோஸ் சமோரானோஸ்’.

செய்முறை எளிது. பொறுமைதான் அதிகம் வேண்டும். வெதுவெதுப்பான பாலில் ‘ரென்னட்’ என்ற நொதியைச் சேர்த்தால் பால் கட்டியாக உறையும். சீஸ் செய்யப் பயன்படும் அதே நொதிதான். உறைந்ததைத் துண்டு போட்டு, சர்க்கரையும் பட்டையும் சேர்த்து, கிளறாமல் சிறு தீயில் மணிக்கணக்கில் விடுவார்கள். பிரிந்து வரும் தண்ணீர் பாகாகிவிட, கட்டிகள் அதில் ஊறிக்கிடக்கும். முன்னொரு காலத்தில் கன்னியர் மடத்துச் சமையலறையில் பிறந்த பலகாரம் என்று கதை சொல்வார்கள். இப்போது டப்பாவில் அடைத்தும் விற்கிறார்கள்.

அந்த டப்பா வடக்கே எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் நுழையும்போது சுங்கத்துறைக்கு ஒரு கேள்வி வரும். இது பாலா, சீஸா, மிட்டாயா?

சாப்பிடுகிறவருக்கு எதுவாக இருந்தால் என்ன? ஆனால், அனுப்புகிறவருக்கு அதில்தான் லாபமும் நஷ்டமும். உலக சுங்க அமைப்பு வகுத்த ஒரு எண் பட்டியல் 1988 முதல் நடப்பில் இருக்கிறது. குதிரையிலிருந்து குண்டூசி வரை 5,000-க்கும் மேற்பட்ட பிரிவுகள். 200-க்கும் அதிகமான நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பின்பற்றுகின்றன. முதல் ஆறு இலக்கங்கள் எல்லோருக்கும் ஒன்று; அதற்குப் பின் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இலக்கம் சேர்த்துக்கொள்ளும்.

இதில் பாலின் கதையைப் பாருங்கள். சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சினால் 0402. உறை ஊற்றித் தயிராக்கினால் 0403. கட்டியாகத் திரித்துப் புது சீஸாகவோ அதற்கு முந்தைய பதத்திலோ எடுத்தால் 0406. எண் மாறினால் வரியும் மாறலாம்.

சொல்லை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். ‘கர்டு’ என்றால் நமக்குத் தயிர். நம் ஜி.எஸ்.டி. பட்டியலும் இதே எண்களில்தான் ஓடுகிறது. அங்கே ‘கர்டு’ லஸ்ஸி, மோரோடு 0403-இல் உட்கார்ந்திருக்கிறது. பனீரும் சேனாவும் 0406. ஆனால், உலகப் பட்டியலில் ‘கர்டு’ என்ற சொல் இருப்பது 0406-இல், புது சீஸுக்குப் பக்கத்தில். அங்கே அதற்குப் பொருள் தயிர் இல்லை, திரிந்த பாலின் கட்டி.

சரி, சோங்கோஸ் எங்கே? இத்தனை சர்க்கரை போட்டால் அது மிட்டாய்தானே என்று வாதாடத் தோன்றும். அதற்கு வழியில்லை. அமெரிக்க வரிப் பட்டியலில் 0406.10 என்ற புது சீஸ் பிரிவுக்குக் கீழே ‘சோங்கோஸ்’ என்று பெயரையே அச்சடித்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஊரின் பலகாரத்துக்கு இது பெரிய கௌரவம்தான். கௌரவத்தோடு கணக்கும் வருகிறது.

பொது வரி இரண்டு விதம். வருட ஒதுக்கீட்டு அளவுக்குள் வந்தால் 10 சதவிகிதம்; அதைத் தாண்டினால் கிலோவுக்கு 1.509 டாலர். அரைக் கிலோ டப்பாவின் மதிப்பு 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் வரி 20 சென்ட். இரண்டாவதில் சுமார் 75 சென்ட், ஏறக்குறைய நான்கு மடங்கு!

மெக்சிகோக்காரருக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மெக்சிகோவில் கறந்த பாலில் செய்த சோங்கோஸுக்கு இந்தச் சுங்க வரி கிடையாது. அதே ஊரில், அதே பாட்டியின் கைப்பக்குவத்தில், விலை மலிவு என்று நியூசிலாந்துப் பால் பவுடரைக் கரைத்துச் செய்தால்? சலுகை போய்விடும். பால் பவுடரும் சோங்கோஸும் பட்டியலில் ஒரே அத்தியாயம் என்பதால், வெளிப் பாலை வெறுமனே உறையவைத்ததை ‘நம் நாட்டுச் சரக்கு’ என்று ஒப்பந்தம் ஏற்பதில்லை. பவுடரில் மிச்சம் பிடித்த காசு எல்லையில் கரைந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் சரக்கை ஏற்றும் முன்பே அமெரிக்கச் சுங்கத்துறையிடம் எழுதிக் கேட்கலாம். கட்டணம் இல்லை. என்னென்ன சேர்த்தோம், எப்படிச் செய்தோம் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் எழுத்தில் தரும் தீர்ப்பு அவர்களையே கட்டுப்படுத்தும். துறைமுகத்தில் போய் நின்றுகொண்டு வாதாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டுப் பலகாரத்தை வெளிநாட்டுக்கு விற்க நினைக்கும் எவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. பலகாரத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எந்தப் பால், எப்படித் திரித்தது, எவ்வளவு சர்க்கரை என்று செய்முறையை எழுதிக் கொடுங்கள். எண்ணைத் தீர்மானிப்பது அதுதான்.