தண்ணீரை எத்தனை முறை மெல்வது?

போன மாதம் கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் உடல் பருமன் விழிப்புணர்வுக் கூட்டம். எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளப் போகிறவர்கள், அவர்களுக்குத் துணைக்கு வந்த கணவன்மார், மாமியார்மார் என்று இருநூறு பேர் இருக்கும். சிறப்புப் பேச்சாளருக்குப் பட்டிமன்றக் குரல். மைக்கைப் பிடித்ததும், "நொறுங்கத் தின்றால்...?" என்று நிறுத்தினார். மொத்தக் கூட்டமும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி "நூறு வயது!" என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பழமொழியோடு எனக்கு ஏழு வருடப் பகை. 2018-இல் எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். பிறகு வாரக்கணக்கில் வாஷ்பேசினைக் கட்டிக்கொண்டு நின்ற என்னைக் கடந்துபோன ஒவ்வொருவரும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். டயட்டீஷியன் சொன்னார், நாத்தனார் சொன்னாள், கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது. சொன்ன யாருக்கும் வயிறு வெட்டியிருக்கவில்லை.

பேச்சாளர் சொன்னதன் சாரம் இது: ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் மெல்லத் தெரியாதவர்கள். முப்பத்திரண்டு பல்லுக்கு முப்பத்திரண்டு முறை மென்றால் எதுவும் சிக்காது. வாந்தி வந்தால் பயப்பட வேண்டாம், வயிறு பழகிக்கொள்ளும். அதுவரை கஞ்சி போதும், நம் முன்னோர் கஞ்சியிலேயே வாழ்ந்தார்கள். கடைசியாக, எல்லாமே மனசுதான். இடையில் ஓரிடத்தில், ஆபரேஷனே சோம்பேறிகளின் குறுக்கு வழி என்றும் சொல்லி, அதைச் செய்துகொண்டவர்களிடமே கைத்தட்டலும் வாங்கினார். அந்தத் திறமைக்குத் தனியாக ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

அற்பமானவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். குறுக்கு வழி என்றால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாரக்கணக்கில் நிற்க வைக்கிற குறுக்கு வழி இது ஒன்றுதான். மனசுதான் காரணம் என்றால், அடைப்பை விரிக்க என் டாக்டர் பலூனை மனசுக்குள் விட்டா ஊதினார்?

இனி மெல்லும் விவகாரம்.

முப்பத்திரண்டு முறைக் கணக்கைச் சித்தர்கள் சொன்னதாக வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. உலகம் முழுக்க இதை ஒரு மதம் மாதிரிப் பரப்பியவர் ஹோரஸ் ஃப்ளெட்சர் என்ற அமெரிக்க வியாபாரி. சித்தருமில்லை, டாக்டருமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாயில் போட்டது தண்ணீராகக் கரைகிறவரை மெல்ல வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிப் புகழும் பணமும் சம்பாதித்தவர். முப்பத்திரண்டு என்ற எண்ணுக்கு அவர் கூட்டத்தார் சாட்சிக்கு இழுத்தது பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனை. 1849-இல் பிறந்த ஃப்ளெட்சர் 1919 ஜனவரியில் இறந்தார். அறுபத்தொன்பது வயது. நொறுங்கத் தின்பதையே தொழிலாக வைத்திருந்தவருக்கு மிச்சம் முப்பத்தொரு வயதை யார் கொடுப்பது என்று பேச்சாளரிடம் கேட்க ஆசைதான். அன்று பந்தியில் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். அவர் வடை சாப்பிட்டதை எண்ணினேன். ஒரு வாய்க்கு ஏழு.

வேகமாக விழுங்கினால் சிக்கும் என்பது உண்மை. ஆபரேஷன் ஆன புதிதில் உள்ளே வீக்கம் இருக்கும். சின்ன வாயாக, மெதுவாகத்தான் சாப்பிட வேண்டும். அது ஒரு வரிச் செய்தி. அதற்கு மூன்று வரி கொடுத்துவிட்டேன்.

ஸ்லீவ் ஆபரேஷனில் நடப்பது என்ன? ஒரு சாண் வயிறு என்கிறோமே, அதில் புடைத்திருக்கும் பக்கமாக முக்கால் பங்கை ஸ்டேப்லர் போட்டு வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது நேந்திரம்பழம் மாதிரி வளைந்த ஒரு குழல். எவ்வளவு அகலம் விடுவது என்பதற்கு அளவுகோலாக வாய் வழியே ஒரு ரப்பர் குழாயை இறக்கி, அதை ஒட்டினாற்போல ஸ்டேப்லர் அடிப்பார்கள். பெரும்பாலும் அது சுண்டுவிரல் கனம், பன்னிரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வயிறு முழங்கை மாதிரி மடங்கித் திரும்புகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஸ்டேப்லர் கொஞ்சம் நெருங்கி விழுந்துவிட்டாலோ, ஆறும்போது தழும்பு இறுகினாலோ, குழலே ஈரத்துண்டைப் பிழிந்தது போல் முறுக்கிக்கொண்டாலோ வழி சுருங்கிவிடும். தோட்டத்து ஹோஸ் பைப்பில் மடிப்பு விழுந்தால் பூவாளியில் தண்ணீர் வராது. அதற்காகக் குழாயடியில் போய்த் தண்ணீரை அரைத்துவிடுகிறவர்கள் யாருமில்லை.

இன்னொரு வகை பைபாஸ். 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்தது. அதில் வயிற்றின் மேல்பகுதியை முப்பது மில்லி கொள்கிற சின்னப் பையாக்கிக் குடலோடு இணைப்பார்கள். அந்த இணைப்பு வாயும் தழும்பேறிச் சுருங்குவதுண்டு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். புண் வந்தும் அடைக்கும். சிகரெட்டும் கண்ட வலி மாத்திரைகளும் அந்தப் புண்ணுக்குக் கொண்டாட்டம். இதிலும் பல்லுக்கு வேலை எதுவுமில்லை.

என் கதை ஐந்தாவது வாரத்தில் ஆரம்பித்தது. அதுவரை கஞ்சி, மோர், மசித்த பருப்பு எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. அன்று காலை இட்லி. பட்டாணி அளவு கிள்ளி வாயில் போட்டேன். பயத்தில் நான் மென்ற மெல்லுக்கு ஃப்ளெட்சர் இருந்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார். மாவாகி, பாலாகி, ருசியே போன பிறகுதான் விழுங்கினேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவது போல வலி. வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. எச்சில் என்றால் சாதாரண எச்சில் இல்லை, சோப்பு நுரை மாதிரி, நூல் நூலாக, துப்பத் துப்ப வருவது. நாற்பது நிமிடம் வாஷ்பேசினில் நின்றேன். கடைசியில் அந்த இட்லி மேலே வந்தது. வெள்ளைக் கூழ். அதில் ஒரு பருக்கை இல்லை, ஒரு திப்பி இல்லை. நொறுங்கத் தின்றதற்கான சாட்சி கண் முன்னால் கிடக்க, பின்னாலிருந்து நாத்தனார் சொல்கிறாள்: "அண்ணி, நல்லா மென்னு தின்னிருக்கோணும்."

மெல்வதே சிக்கலைக் கூட்டுகிற பண்டங்களும் உண்டு. பிரெட், பரோட்டா, சப்பாத்தி எல்லாம் மெல்ல மெல்லப் பசையாகும். மைதா பசையாகும் என்பது சினிமா போஸ்டர் ஒட்டுகிறவருக்குத் தெரியும், சிறப்புப் பேச்சாளருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மசித்த பருப்பு நின்றது. அதற்கடுத்து மோர். பிறகு ஒரு நாள் தண்ணீரே நின்றது. மகள் குழந்தையாக இருந்தபோது மருந்து புகட்டிய பாலாடையைப் பரணிலிருந்து எடுத்து, அதில் பாதி ஊற்றி, நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டேன். நாலாவது சொட்டில் நெஞ்சு அடைத்தது. பாலாடைத் தண்ணீரோடு சோபாவில் உட்கார்ந்து, டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். "மேடம், மெதுவா, நல்லா மென்னு..." என்று அவர் ஆரம்பித்தார்.

தண்ணீரை எத்தனை முறை மெல்வது, சொல்லுங்கள். கடைவாயில் மெல்வதா, முன்பல்லில் கடிப்பதா? இந்த ஒரு கேள்விக்கு ஏழு வருடமாக யாரிடமும் பதிலில்லை. மெல்லாததுதான் நோய் என்றால், மெல்லவே தேவையில்லாத பொருள் எப்படி நிற்கும்? ஆபரேஷன் ஆனவர் முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு மசித்தது, பிறகு இட்லி, கடைசியில் சோறு என்று ஏணிப்படியில் ஏற வேண்டும். நான் இட்லியிலிருந்து பருப்புக்கும், பருப்பிலிருந்து மோருக்கும், மோரிலிருந்து பாலாடைக்கும் இறங்கிக்கொண்டிருந்தேன். இறங்குமுகமாக இருந்தால் அது பல்லின் குற்றமில்லை, கீழே வழி அடைபடுகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம்கூட வேண்டாம். வீட்டுக்கு வந்த பிளம்பர் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, கீழ எங்கியோ அடைச்சிருக்குமுங்க" என்றார். அவர் சிங்க்கைப் பற்றிச் சொன்னாரோ, என்னைப் பற்றிச் சொன்னாரோ!

எங்கள் வீட்டு வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். நெஞ்சில் நிற்கிறது என்றால் மாமியார் ஓடிவந்து உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார். அது புரையேறினால் செய்வது. விக்கலுக்குச் செய்வது ஒரு சொம்புத் தண்ணீர். விக்கல் வேறு, புரையேறுவது வேறு, எதுக்களிப்பது வேறு, நெஞ்சடைப்பது வேறு. நம் பாஷையில் நாலுக்கும் நாலு வார்த்தை இருக்கிறது, வைத்தியம் மட்டும் இந்த இரண்டே. அடைத்திருக்கும்போது தண்ணீர் குடித்தால் அடைப்புக்கு மேல் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான்.

"வயிறு பழகிக்கொள்ளும்" என்றார். தழும்பு பழகாது, இறுகும்.

கஞ்சிக்கு வருகிறேன். கைத்தட்டல் அதிகம் விழுந்தது இதற்குத்தான், ஆபத்து அதிகமும் இதில்தான். வைட்டமின் பி1, தையமின் என்பார்கள், நம் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு இருக்காது. ஆபரேஷன் ஆகி, சாப்பாடும் குறைந்து, தினமும் வாந்தியும் எடுப்பவருக்கு அந்த இருப்பு சீக்கிரமே காலி. முதலில் அசதி, குமட்டல். பிறகு பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். 1881-இல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கி எழுதிவைத்த மூளை நோய் அது. சரியான நேரத்தில் ஊசி விழாவிட்டால் ஞாபகம் போகும், சிலருக்கு உயிரே போகும்.

முன்னோர் கஞ்சி என்கிறாரே, எந்த அரிசிக் கஞ்சி? கைக்குத்தலா, புழுங்கலா, பாலிஷ் போட்ட பச்சரிசியா? ஜாவாவில் டச்சு டாக்டர் ஐக்மன் வளர்த்த கோழிகள், ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்று கால் இழுத்துக்கொண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த அந்த பி1 சங்கதிக்காக ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோழிக்குத் தெரிந்த வித்தியாசம் மேடைக்கு வந்து சேரவில்லை.

கஞ்சிக்கு அண்ணன் குளுக்கோஸ் பாட்டில். எங்கள் தெருமுனை கிளினிக்கில் சோர்ந்துபோய் உட்கார்ந்தால் போதும், ஒரு பாட்டில் ஏற்றிவிடுவார்கள். எனக்கும் இரண்டு தடவை ஏற்றினார்கள். தையமின் தீர்ந்த உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் துளி தையமினும் செலவாகி, மூளை இன்னும் வேகமாகக் கெடும். மூன்றாவது தடவை வேறு ஆஸ்பத்திரி. பாட்டிலை மாட்ட வந்த நர்ஸ் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "எத்தனை நாளா வாந்திம்மா?" என்று கேட்டாள். பதினெட்டு நாள் என்றதும் பாட்டிலைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போய், பி1 ஊசி எழுதி வாங்கிவந்து போட்ட பிறகுதான் டிரிப்பைத் திறந்தாள். அந்த நாட்களில் என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது, எத்தனை நாளா என்பது.

மறுநாள் ஒரு மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். திரையில் மருந்து மணற்கடிகாரத்தின் இடுப்பு மாதிரி ஒரு இடத்தில் வந்து நின்றது. எண்டோஸ்கோபி வழியே பலூனை இறக்கி, அந்த இடத்தில் ஊதி விரித்தார்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. முதல் முறைக்கு மறுநாளே அரை டம்ளர் இளநீர் இறங்கியது. நான் அதை மெல்லவில்லை. பலூனுக்கும் அடங்காதவர்களுக்கு ஸ்லீவையே பைபாஸாக மாற்றிவிடுவதும் உண்டு.

அன்று பேச்சு முடிந்து கை கழுவும் இடத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கர்ச்சீஃபால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கையில் குறிப்பேடு. பேச்சாளர் சொன்னதை ஒன்று, இரண்டு போட்டு எழுதிவைத்திருந்தாள். கர்ச்சீஃபை எடுத்தபோது நுரை.

"எத்தன வாரம் ஆச்சு கண்ணு?"

"ஏழுங்க்கா. நல்லாத்தான் மெல்லுறேன். என்னமோ தப்பு பண்றேன் போல."

"தண்ணி எறங்குதா?"

தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

"எத்தன நாளா?"

"முந்தாநேத்துல இருந்துங்க்கா."

"கூட யாரு வந்திருக்கா?"

"மாமியாருங்க. பந்தில இருக்காங்க."

"அவங்களக் கூப்பிடு. வண்டி இருக்குது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம். நோட்டு இங்கியே இருக்கட்டும்."