மரக்கறிக்கும் சீட்டு வேண்டும்

கிளினிக்கில் நம் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷாவும் தருகிறார்கள். "கீரை, மரக்கறி நிறையச் சாப்பிடுங்கள்" என்கிறார்கள். வாங்கக் காசுக்கு எங்கே போவது?

அமெரிக்காவில் சில இடங்களில் வைத்தியரே மரக்கறிக்கும் பழத்துக்கும் சீட்டு எழுதுகிறார். 2018 விவசாயச் சட்டத்தின்படி அரசாங்கமே அதற்கு நிதி தருகிறது.

இங்கே 2016 அரச கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாடு முழுவதற்கும் அது 17 பேர்தான். நுவரெலியா கரட்டும் லீக்ஸும் நம் லயங்களைத் தாண்டித்தான் லொறியில் போகின்றன.

கிளினிக் அட்டையோடு மரக்கறிச் சீட்டு, லயத்துக்குப் பக்கத்தில் கறித்தோட்டத்துக்கு நிலம்: இரண்டையும் கேட்கிறோம். தோட்டக் கமிட்டிகள் இம்மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் எடுத்து அனுப்புங்கள்.