விளையாட்டும் விழிப்பும்

விளையாட்டு என்றவுடன் அது படிப்பிற்குப் பகை எனக் கருதுவோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். பாடவேளை முடிந்து மணியடித்தபின் ஆடுதற்குரியதே ஆட்டம் என்பது அவர்தம் கொள்கை. இணையப் பாதுகாப்பு என்னும் பாடத்தைப் பொறுத்தமட்டில் அக்கொள்கை சிறிதும் பொருந்தாது என்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது.

நடுநிலைப் பள்ளிச் சிறார் பலர்க்குத் தாயின் கைப்பேசியே பாடநூலும் ஆடுகளமும் ஆகும். குடும்பத்தின் வங்கிக் கணக்கும் அக்கைப்பேசியிலேயே உளது. பரிசு விழுந்ததென்று பொய்யுரைத்து வரும் ஒரு செய்திக்கும் தந்தையின் ஒரு திங்கட் சம்பளத்திற்கும் இடையே நிற்பது பன்னிரண்டு வயதுக் குழந்தையின் ஒரு விரலே. இதனையுணர்ந்த பள்ளிகள், கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கூறற்க, அறியாத இணைப்பைத் தொடற்க என விதிகளை எழுதி மனப்பாடம் செய்விக்கின்றன. விதிகளில் குற்றமில்லை. ஆயினும், விதியை நினைத்துப் பார்க்க வஞ்சகன் நேரங் கொடுப்பானல்லன். அவசரம், அச்சம், ஆசை என்னும் இம்மூன்றுமே அவன் கருவிகள். அவற்றின்முன் ஒரு நொடி நின்று எண்ணும் பழக்கம் பயிற்சியாலன்றி வாராது. நீச்சலைப் பற்றிய நூலைக் கரையிலிருந்து ஓதியவன் ஆற்றைக் கடத்தல் யாங்ஙனம்?

2007-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 'ஆன்டி-ஃபிஷிங் ஃபில்' என்னும் கணினி ஆட்டமொன்றை அமைத்தனர். ஃபில் என்பது ஒரு சிறு மீன். அதன்முன் தோன்றும் ஒவ்வொரு புழுவும் ஓர் இணைய முகவரி. மெய்ம் முகவரியை உண்ணலாம். போலி முகவரியோ தூண்டில். ஐயம் எழுமிடத்துத் தந்தை மீன் குறிப்புரைக்கும். இவ்வாட்டத்தை ஆடினோர், பயிற்சிக் கட்டுரைகளைப் படித்தோரினும் போலித் தளங்களை நன்கு பிரித்தறிந்தனர் என்று அவர்தம் ஆய்வு காட்டிற்று. சிறுவர்க்கென்றே கூகுள் நிறுவனத்தார் 2017-இல் 'இன்டர்லேண்ட்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர்.

கணினியில்லாப் பள்ளி என் செய்யும் எனச் சிலர் வினவலாம். காகிதமே போதும் என்பது எம் அனுபவம். சென்ற பருவத்தில், எம் கல்லூரிக்கு அண்மையிலுள்ள ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பாரை இரு அணியாக்கினோம். ஓரணியார் மெய்ச் செய்திகளும் பொய்ச் செய்திகளுமாகச் சீட்டுகளில் எழுதினர். மற்றையோர் அவற்றைத் தரம் பிரித்தனர். மெய்யையும் கலந்தமைக்குக் காரணம் உண்டு. எல்லாவற்றிற்கும் அஞ்சுதல் விழிப்பாகாது, பகுத்தறிதலே விழிப்பு.

அன்று தோற்ற அணியில் ஒரு சிறுமி இருந்தாள். தோல்வியைக் கண்டு எல்லாருடனும் நகைத்தவள், சற்றுப் பொறுத்து மெல்ல எம்மிடம் வந்து, முன்னொருநாள் அம்மாவின் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை யாரோ ஒருவர் கேட்கத் தான் சொல்லிவிட்டதாகவும், அடிக்கு அஞ்சி வீட்டில் மறைத்ததாகவும் கூறினாள். அவளுடைய ஆசிரியை அன்றே தாயை அழைத்துப் பேசினார்.

அச்சிறுமியே எமக்கு ஆசான் ஆயினாள். வகுப்பில் விடை தவறின் தலைகுனிவு. ஆட்டத்தில் தோற்பின் சிரிப்பு. ஏமாறுதல் எவர்க்கும் நேரக்கூடியது என்பதை நாணமின்றிப் பேசுதற்கு ஆட்டமே இடந்தருகின்றது. பணம் பறிபோயின் 1930 என்னும் உதவி எண்ணிற்கு எத்துணை விரைவிற் கூறுகின்றோமோ, அத்துணைக்கு அதனைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும். குழந்தை அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் வஞ்சகனுக்கே ஊதியம்.

ஆட்டம் முடிந்தபின் ஆசிரியர் அமர்ந்து, ஏன் ஏமாந்தோம் என மாணவரோடு ஆராய்தல் வேண்டும். அஃதின்றேல் வெறும் பொழுதுபோக்காகவே அது முடியும். ஆசிரியப் பணியிலுள்ள எம் பழைய மாணவர்களையும், அப்பணியை நாடும் உடன்பயிலும் நண்பர்களையும் யாம் வேண்டுவது ஒன்றே: வாரத்தில் ஒரு பாடவேளையை இவ்வாட்டத்திற்கு ஒதுக்குமின். வகுப்பறையில் தோற்றுச் சிரித்த பிள்ளை வீட்டில் தோற்று அழாதிருக்கட்டும்.