பேரைப் பார்க்காதே, பாதத்தைப் பார்!

கருமத்தம்பட்டி:

காலையில் பஸ்சுக்கு நிற்கும் கூட்டத்தின் கால்களைக் கவனித்தால் போதும், காலம் மாறியது தெரிந்துவிடும். காந்திபுரம் போகும் குமாஸ்தா, அவினாசிக்குப் போகும் ஜவுளிக்கடைப் பையன், தறிக் குடோனில் கணக்கு எழுதுகிறவர், காலேஜ் பெண் என்று எல்லார் காலிலும் இப்போது லேசான 'ஸ்னீக்கர்' ஷூ!

"செருப்பு இருக்கையில் இது என்ன ஜம்பம்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஜம்பம் அல்ல. பஸ்சில் நின்று, கடையில் நின்று, மறுபடி பஸ்சில் நின்று வீடு திரும்புகிறவனுக்கு நல்ல ஷூ ஒரு தொழில் கருவி. தறிக்காரருக்கு நாடா எப்படியோ, அப்படி!

ஆனால் வாங்குகிற விதத்தில்தான் கோளாறு. காலுக்கு வாங்காமல், பக்கவாட்டில் இருக்கும் கோட்டுக்கும் முத்திரைக்கும் வாங்குகிறார்கள். ஒரே மாதத்தில் சுண்டுவிரலில் கொப்புளம், குதிகாலில் குத்தல். காசும் போச்சு, காலும் போச்சு!

புதுசு அல்ல, பழசுதான்

ரப்பர் அடி போட்ட துணி ஷூவால் சத்தமில்லாமல் பதுங்கி நடக்கலாம். அதனால் அமெரிக்காவில் வந்த பெயர்தான் ஸ்னீக்கர். நம் ஊருக்கு அது புதுசா? பள்ளிக்கூட டிரில் பீரியடுக்கு வெள்ளை பூசிக் காயவைத்த கேன்வாஸ் ஷூ எந்த ஜாதியாம்? இதே ஜாதிதான்!

மாறியது அடிப்பாகம். கனத்த ரப்பருக்குப் பதில், உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த 'ஈ.வி.ஏ.' நுரை வந்தது. மேலே கேன்வாசுக்குப் பதில் வலைத்துணி வந்தது. எடை பாதியாகிவிட்டது.

எடை என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். ஒரு ஷூ 400 கிராம், இன்னொன்று 250 கிராம். வித்தியாசம் 150 கிராம்தான். ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தால், கால் தூக்கும் வீண் சுமை மொத்தம் 1,500 கிலோ. ஒன்றரை டன்!

நம் கால் அகலக் கால்

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. தெரியவந்த உண்மை இதுதான்: இந்தியர் பாதம், ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது!

கடையில் கிடைப்பதோ வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு. அகலம் பத்தாமல், ஒரு நம்பர் நீளம் கூட்டி வாங்குகிறார்கள். அப்புறம் உள்ளே கால் வழுக்குகிறது, கயிற்றை இறுக்குகிறார்கள், நரம்பு மரத்துப் போகிறது. இதற்காகவே இந்தியப் பாதத்துக்கென்று 'பா' என்ற பெயரில் 8 வகை அளவுகள் 2024-ல் பரிந்துரைக்கப்பட்டன. உலகக் கம்பெனிகளின் ஷூக்களைத் தமிழ்நாட்டிலேயே, செய்யாற்றில் தைத்து அனுப்புகிறார்கள். நம் காலுக்கு ஏற்ற அகலத்தில் நம் கடைக்கு ஷூ வராமல் இருப்பது என்ன நியாயம்?

கடையில் என்ன பார்ப்பது?

"ஏனுங்ணா, கொஞ்சம் புடிக்குதுங்களே?" என்று கேட்டால், "போடப் போட லூசாயிருமுங்க" என்பார் கடைக்காரர். நம்பாதீர்கள்! வலைத்துணி ஷூ தோல் ஷூவைப்போல இளகிக் கொடுக்காது. முதல் நாளே இதமாக இருக்க வேண்டும்.

வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அதுதான் உண்மையான அளவு. எல்லாருக்கும் இரண்டு காலும் ஒரே அளவு இருக்காது. இரண்டையும் போட்டு, எழுந்து நின்று, கடைக்குள் நடந்து பாருங்கள். நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

ஷூவைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல் மடியும் இடத்தில் மட்டும் வளைந்தால் நல்லது. நடுவில் அப்பளம்போல மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குதிகால் பக்கம் அமுக்கினால் விறைப்பாக நிற்க வேண்டும்.

தறிக்கூடத்தில் வேலை என்றால் இன்னொரு எச்சரிக்கை. எண்ணெய் சிந்திய சிமெண்டுத் தரையில் வெறும் நுரை அடி வழுக்கும். அடியில் ரப்பர் ஒட்டி, வரி வெட்டியிருக்க வேண்டும். வலைத்துணியில் பஞ்சுத் தூசி அடையும். ஆகவே மேல்துணி நெருக்கமாக இருப்பது மேல்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது விளையாட்டு அல்ல. கால் மரத்திருந்தால் ஷூ கடிப்பது தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும். அவர்கள் டாக்டரைக் கேட்டு வாங்குவதே நல்லது. பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் பக்தர்களும் முதல் நாள் வாங்கிய புது ஷூவோடு கிளம்ப வேண்டாம்!

வரியும் குறைந்திருக்கிறது

"நல்லதா வாங்கோணும்னா காசு?" என்ற கேள்வி நியாயமானது. 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு முன் 1,000 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம். 1,500 ரூபாய் ஷூ, அப்போது வரியோடு 1,770, இப்போது 1,575. மிச்சம் 195 ரூபாய்! அந்தக் குறைப்பு பில்லில் இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு; கொடுப்பது கடைக்காரர் நாணயம்.

நடைபாதையில் 400 ரூபாய்க்குத் தொங்கும் போலி முத்திரையைவிட, பெயரில்லாத உள்ளூர் ஷூ நன்றாக இருந்தால் அதுவே மேல். முத்திரை நடக்காது, கால்தான் நடக்கும்!

நாற்காலி எங்கே?

ஒன்றை மறந்துவிடக்கூடாது. எவ்வளவு லேசான ஷூ ஆனாலும் பத்து மணி நேரம் நின்றால் கால் வலிக்கத்தான் செய்யும். கடை ஊழியர் சந்து கிடைத்தபோது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேரளத்தில் 2018-லேயே வந்தது.

தொழிலாளி தன் காசில் ஷூ வாங்கித் தன் காலைக் காப்பாற்றிக்கொள்கிறான். முதலாளி தன் பங்குக்கு ஒரு நாற்காலி போடக்கூடாதா? கடைவீதிப் பெரியவர்கள் பதில் சொல்லட்டும்!