பரீட்சைக்குச் சம்பளத்துடன் விடுமுறை!

1957ல் நெய்வேலியில் சுரங்க வேலை துவங்கியது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் பலர் ஒப்பந்தக் கூலிகளாகவே உழைக்கின்றனர். நிரந்தர வேலை கேட்டால், "பத்தாவது தேறினாயா?" என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது.

படிப்பை இடையில் விட்டவர்களுக்கு வழி உண்டு. 1989ல் துவங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பிய எவரும் பத்தாவதுக்குச் சேரலாம். உச்ச வயது கிடையாது. 5 ஆண்டுகளில் 9 முறை எழுதலாம். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை.

ஆனால், இரவு ஷிப்டு முடிந்து வருபவன் எப்போது படிப்பான்? முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் பெண் ஒருநாள் கூலியை இழந்து பரீட்சைக்குப் போவாளா?

சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் பரீட்சை விடுமுறையை நிர்வாகம் தரவேண்டும். கிராமங்களில் மாலை வகுப்பும் பரீட்சைக் கட்டணமும் சர்க்காரின் பொறுப்பு. நாம் கேட்பது சலுகையல்ல, உரிமை! சங்கங்கள் இக்கோரிக்கையைக் கையிலெடுக்கட்டும்!