அந்த மலை ஏன் இன்னும் திரைக்கு வரவில்லை?

சென்ற மாதம் பல்கலைக்கழக உணவகத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். 'டியூன்' படத்தின் முதல் பாகம் சிறந்ததா இரண்டாம் பாகமா என்று தொடங்கி, 'த்ரீ பாடி பிராப்ளம்' தொடர் மூல நாவலுக்கு நியாயம் செய்ததா என்பதில் வந்து நின்றது. சீன எழுத்தாளர் லியு சிசினின் நாவல் அது. 2023இல் டென்சென்ட் நிறுவனம் அதைச் சீனாவிலேயே நடக்கும் கதையாக 30 பகுதிகளில் எடுத்தது. 2024இல் நெட்ஃபிலிக்ஸ், இக்காலத்தில் நடக்கும் பகுதியின் பெரும்பங்கை இலண்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. "கதை நன்றாக இருந்தால் எங்கே நடந்தால் என்னடா?" என்றான் நண்பன்.

எங்கே வேண்டுமானாலும் நடக்க முடியாத ஒரு கதை என் நினைவுக்கு வந்தது. ஆர்தர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட 'த ஃபவுன்டன்ஸ் ஆஃப் பேரடைஸ்'. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா ஆகிய இரண்டு பெரிய விருதுகளையும் வென்ற நாவல். மேசையில் இருந்த ஐந்து பேரில் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் படமாகாத நாவலை யார்தான் கேள்விப்பட்டிருப்பார்கள்!

கதை 22ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. ஜிப்ரால்டர் நீரிணையின் மேல் பாலம் கட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் வன்னேவர் மோர்கன், அடுத்து பூமிக்கும் விண்வெளிக்கும் இடையே பாலம் போட நினைக்கிறார். நம் அடுக்குமாடியில் இருக்கும் மின்தூக்கியைப் போல, ஆனால் விண்வெளி வரை போகும் மின்தூக்கி.

இது எப்படிச் சாத்தியம்? உங்கள் வீட்டுக் கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டைப் பாருங்கள். அது ஆண்டு முழுவதும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது. அது தேடும் துணைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. (அந்த உயரத்தில் தொலைத்தொடர்புத் துணைக்கோள்களை நிறுத்தலாம் என்று 1945இலேயே எழுதியவரும் இதே கிளார்க்தான்.) அங்கிருந்து ஒரு வடத்தைக் கீழே இறக்கி, சமநிலைக்காக மறுபக்கமும் எடையை நீட்டினால், வடம் விழாமல் நிற்கும். அதில் வண்டி ஏறலாம். வடம் நேராகத் தொங்க வேண்டுமென்றால் அதன் அடி பூமத்திய ரேகையில் இருப்பது நல்லது. காற்றையும் புயலையும் ஓரளவு தவிர்க்க, உயரமான மலையாக இருந்தால் இன்னும் நல்லது.

கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவருக்கு மலை கிடைத்துவிட்டது. ஆனால் இலங்கை பூமத்திய ரேகையில் இல்லையே! அவர் கவலைப்படவில்லை. தீவை அப்படியே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பழைய கிரேக்கப் பெயரை வைத்துவிட்டார். நம் ஜோகூரின் தஞ்சோங் பியாயிலிருந்து பூமத்திய ரேகை சுமார் 140 கிலோமீட்டர்தான். நம்மிடம் வந்திருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மலைக்குத்தான் எங்கே போவது?

அந்த மலையில்தான் கதையின் உயிர் இருக்கிறது. நாவலில் அதன் பெயர் ஸ்ரீ கந்த. உண்மையில் அது இலங்கையின் ஸ்ரீ பாதம், 2,243 மீட்டர் உயரம். உச்சியில் உள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்பார்கள், முஸ்லிம்கள் ஆதமுடையது என்பார்கள், சைவர்களுக்கு அது சிவனொளிபாத மலை. நாவலில் உச்சியில் ஒரு பழமையான மடம் இருக்கிறது. மோர்கனின் திட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. துறவிகளோ இடம் தர மறுக்கிறார்கள்.

இந்த இடத்தில் நாவலை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பாட்டி ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபோது, அங்கிருந்த மாரியம்மன் கோயிலை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதுக் கோயில் பழையதைவிடப் பெரியது. "எல்லாம் வந்துச்சு, அரசமரம் மட்டும் வரல" என்று பாட்டி இன்றும் சொல்வார். அந்தத் தாமானில்தான் எங்கள் வீடு இருக்கிறது. அப்பா வாங்கிய முதல் சொந்த வீடு. ஆகவே மோர்கன் பக்கமா துறவிகள் பக்கமா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. கிளார்க்குக்கும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் அறிவியலை நம்பியவர், மதத்தை ஏற்காதவர். இருந்தும் துறவிகளை முட்டாள்களாகக் காட்டவில்லை. வாக்குவாதத்தில் அவர்களே பல இடங்களில் மோர்கனைவிடக் கூர்மையாகப் பேசுகிறார்கள்.

பிறகு ஏன் யாரும் படமாக்கவில்லை? வில்லன் இல்லை, போர் இல்லை. நாயகன் இதயக் கோளாறு உள்ள, வயதான பொறியாளர். தயாரிப்பாளர் ஒருவரிடம் இப்படிச் சொன்னால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் 2015இல் வந்த 'த மார்ஷியன்' படத்திலும் வில்லன் இல்லை. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு பயிரிடுவதைப் பார்க்க உலகமே திரையரங்குக்குப் போனது. 2016இன் 'அரைவல்' படத்தில் நாயகி ஒரு மொழியியல் அறிஞர்.

சொல்லப்போனால் விண்வெளி மின்தூக்கி ஏற்கெனவே திரைக்கு வந்துவிட்டது. 2021இல் 'ஃபவுண்டேஷன்' தொடரின் முதல் பகுதியில் வெடிவைத்து வீழ்த்தினார்கள். 2023இல் சீனாவின் 'த வாண்டரிங் எர்த் 2' படத்திலும் அது தாக்கப்பட்டுத் தகர்கிறது. கட்டுவதைவிட இடிப்பது திரையில் எளிது போலும். கிளார்க்கின் நாவலில் உச்சக்கட்டம் நேர் எதிரானது. பாதி கட்டிய கோபுரத்தில், தரையிலிருந்து 600 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மூச்சுவிடக் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. மோர்கன் தன் பலவீனமான இதயத்தோடு சிறு வண்டியில் தனியாக மேலே ஏறுகிறார். மீதியைச் சொல்ல மாட்டேன், படியுங்கள். இடையிடையே, சிகிரியா பாறைமேல் அரண்மனை கட்டிய 5ஆம் நூற்றாண்டு மன்னன் காசியப்பனின் சாயலில் ஒரு மன்னனும் வருகிறான். அப்பாவைக் கொன்றவன், வானத்தில் வாழ ஆசைப்பட்டவன்.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா கார்பன் நானோ குழாய்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அவ்வளவு வலிமையான வடம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 2012இல் ஜப்பானின் ஒபாயாஷி கட்டுமான நிறுவனம், 96,000 கிலோமீட்டர் நீள வடத்துடன் 2050க்குள் ஒன்றைக் கட்டும் திட்டத்தை அறிவித்தது. அப்போது உங்களில் பலருக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது.

நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. ஸ்ரீ பாதத்தின் அடிவாரத்தில் மஸ்கெலியா பக்கமெல்லாம் தேயிலைத் தோட்டங்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் தமிழர்கள். முக்கியக் கதாபாத்திரங்களில் அவர்கள் ஒருவரும் இல்லை. பொறியாளர் பேசுகிறார், துறவி பேசுகிறார், ஓய்வுபெற்ற அரசதந்திரி பேசுகிறார். அடிவாரம் பேசவில்லை. படமாக்குகிறவர் கதையை வேறு நாட்டுக்கு மாற்ற வேண்டாம், அந்த மலையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் நடந்து பார்த்தால் போதும். அதிகாலை, கொழுந்துக் கூடையோடு மேடேறும் பெண்களில் ஒருத்தி அண்ணாந்து பார்க்கிறாள். வானத்திலிருந்து மெல்லிய இழை ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. படம் அங்கே தொடங்கினால் நான் முதல் காட்சிக்கே டிக்கெட் எடுப்பேன், பாட்டிக்கும் சேர்த்து.